பதினோராம் பொருத்தம்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் போதும் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. ராசி பொருந்தி, ரஜ்ஜு பொருந்தி, மாப்பிள்ளைக்குச் சொந்த வீடும் பெண்ணுக்குப் படிப்பும் பொருந்தி, மண்டபத்தைப் பேசி முடிக்கப் போகும் நேரத்தில் யாராவது ஒரு பெரியப்பா தொண்டையைச் செருமுவார். “அதெல்லாம் சரி, பதினொண்ணாவது பாத்தாச்சா?” என்பார். உடனே கூடத்தில் பேச்சு நின்றுவிடும். பார்க்கவில்லை என்றால் மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு குறுகலான மாடிப்படி ஏறி ஞானசிகாமணியின் முன்னால் போய் நிற்க வேண்டும்.

ஞானசிகாமணி ஜோசியர் அல்ல. அப்படி யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ‘அனுசரிப்புப் பொருத்தப் பரிசோதகர், வச்சிரா நிறுவன அங்கீகாரம் பெற்றவர்’ என்று வாசலில் பலகை இருந்தது. ஜோசியரிடம் கிளி இருக்கும், இவரிடம் மிசின் இருந்தது. மற்றபடி இரண்டு இடத்திலும் வந்தவர்கள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து எச்சில் விழுங்குவது ஒரே மாதிரிதான்.

விஷயம் இதுதான். ஊரில் எல்லோர் கண்ணிலும் திரை இருந்தது. பஸ்ஸின் ஊர்ப்பெயர் முதல் ஓட்டலில் என்ன இருக்கிறது என்பது வரை எல்லாம் அந்தக் கண்திரையில்தான் தெரியும். வெறுங்கண்ணுக்கு மதுரை முழுக்க மொட்டைச் சுவர். காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஓர் அட்டை. கண்ணுக்கு முன்னால் இருப்பதையெல்லாம் வாங்கி, மெருகேற்றி, திரையில் வரைந்து காட்டுவது அட்டையின் வேலை. அட்டை வரைகிற வேகமும் திரை காட்டுகிற வேகமும் ஒத்துப்போனால் காட்சி வழுக்கிக்கொண்டு ஓடும். ஒத்துப்போகாவிட்டால் அசைகிற எதுவும் நடுவில் கிழியும். மேல்பாதி முன்னால் போகும், கீழ்ப்பாதி பின்தங்கும். எதிரே ஒருவர் நடந்து வந்தால் தலை வந்து வணக்கம் சொன்ன பிறகு உடம்பு வந்து சேரும்.

கல்யாணம் ஆனதும் பெண்ணின் அட்டையைக் கழற்றிவிடுவார்கள். அதன்பிறகு அவள் திரை கணவனின் அட்டையில்தான் ஓடும். வீட்டுக்கு ஓர் அட்டை என்பது கம்பெனியின் குடும்பத் திட்டம். சந்தா மிச்சம் என்றது கம்பெனி. குடும்பம் என்றால் ஒரே பார்வை இருக்க வேண்டும் என்றார்கள் பெரியவர்கள். பெண்ணின் அட்டையை மஞ்சள் துணியில் முடிந்து, தாம்பாளத்தில் வைத்துப் பையன் வீட்டாரிடம் கொடுப்பதை ஒரு சடங்காகவே ஆக்கிவிட்டார்கள். அதற்கென்று நாதஸ்வரக்காரர்கள் ஒரு தனி உருப்படி வேறு வைத்திருக்கிறார்கள். தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்று இப்போது சொல்கிறார்கள், கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அட்டையும் திரையும் செய்யும் கம்பெனிகள் இரண்டு. வச்சிரா அட்டைக்கு வச்சிரா முத்திரை உள்ள திரைதான் பொருந்தும் என்பது வச்சிராவின் வாக்கு. மருதம், யார் வீட்டுத் திரையானாலும் சேர்த்துக்கொள்வோம் என்றது. அதனாலேயே அதற்கு மரியாதை குறைந்துபோனது. கொஞ்ச காலத்தில் இது கடையில் வாங்கிய சாமான் என்பதே மறந்து, பிறந்த குலம் மாதிரி ஆகிவிட்டது. ‘அவுக மருதக்காரங்க, நமக்கு ஒத்துவராது’ என்று குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். மருதக்காரர்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கலாமா என்று மட்டும்தான் இன்னும் யாரும் கேட்கவில்லை.

அன்று காலை மேலூரிலிருந்து ஒரு பெண் வீடும் திருமங்கலத்திலிருந்து ஒரு பையன் வீடும் வந்திருந்தன. பையனின் அம்மா நாற்காலியை நிறைத்து உட்கார்ந்திருந்தார்.

“எங்க வீட்ல நாலு தலைமுறையா வச்சிராதாங்க,” என்றார்.

அவர் சொன்னது அட்டையின் தலைமுறையை. கம்பெனி வருடத்துக்கு ஒரு தலைமுறை வெளியிடும். இருந்தாலும் பெண்ணின் அப்பா அரண்டுபோய் எழுந்து நின்றுவிட்டார்.

ஞானசிகாமணி பெண்ணைப் பரிசோதனை நாற்காலியில் உட்கார வைத்தார். பையனின் அட்டைக்கும் பெண்ணின் திரைக்கும் மிசின் இணைப்புக் கொடுத்தது. பெண்ணின் கண்ணில் மாசி வீதியில் தேர் ஓடத் தொடங்கியது. அவள் பார்ப்பது அப்படியே எதிரே இருந்த பெரிய கண்ணாடிப் பலகையிலும் தெரிந்தது. இந்தத் தேர்தான் பரிசோதனை. தேர் முழுசாக வீதியைக் கடந்தால் கல்யாணம். கலசம் ஒரு பக்கமும் சக்கரம் ஒரு பக்கமுமாகக் கிழிந்தால், வாங்கிய பூவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான்.

தேர் முழுசாகக் கடந்தது. பையனின் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பெண்ணின் அப்பாவுக்கு ஒரு சந்தேகம். “அய்யா, தப்பா எடுத்துக்காதீக. நாளப்பின்ன ஏதாச்சும் கிழிசல் வந்துச்சுன்னா, மாப்பிள்ளையோட அட்டை கொஞ்சம் வேகத்தக் கொறச்சு, எம்புள்ள திரைக்கு ஏத்த மாதிரி போகாதுங்களா?”

ஞானசிகாமணி சிரித்தார். இந்தக் கேள்விக்காகவே அவர் வைத்திருந்த சிரிப்பு அது.

“அட்டை எதுக்குங்க மாறணும்? வரையிறது அட்டை, காட்டுறது திரை. அப்ப யாரு யாருக்கு ஒத்துப்போகணும்? ‘திரை அட்டைக்கு அனுசரித்துப் போக வேண்டும்.’ இத நானாச் சொல்லல. கம்பெனிக் கையேட்டுலயே அச்சடிச்சுருக்கான்.”

அச்சடித்திருந்தது உண்மை. கம்பெனியின் தொழில்நுட்பத்துக்குத் தமிழில் பேர் வைக்கச் சொன்னபோது, மொழிபெயர்த்த புண்ணியவான் ‘அனுசரிப்பு’ என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான், தமிழ்நாடே குளிர்ந்துபோனது. கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா என்று காலங்காலமாகப் பெண்களிடம் சொல்லிவந்ததை விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது என்று ஆளாளுக்கு நெஞ்சை நிமிர்த்தினார்கள். மாமியார்கள் முதல்முறையாகத் தொழில்நுட்பத்தை மதிக்கத் தொடங்கினார்கள்.

மேலூர்க்காரர் தலையாட்டிவிட்டுப் பெண்ணை அழைத்துக்கொண்டு இறங்கிப் போனார். போகும்போது படியில் அவளிடம் சொன்னது ஞானசிகாமணிக்குக் கேட்டது. “பாத்துக்க தாயி. கொஞ்சம் அனுசரிச்சு இருந்துக்க.”

ஞானசிகாமணியின் மேசைக்கு மேலே ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. மாலையும் கழுத்துமாக அவரும் அவர் மனைவி வடிவும். வச்சிரா அட்டைக்கு வச்சிரா திரை, முத்திரைக்கு முத்திரை என்று அந்தக் காலத்திலேயே பார்த்துக் கட்டிய கல்யாணம். வருகிறவர்களிடம் படத்தைக் காட்டி, “இத்தன வருசத்துல ஒரு கிழிசல் உண்டா?” என்று கேட்பார். பதிலை அவரே சொல்லிக்கொள்வதும் வழக்கம்.

வடிவு நல்லவள்தான், ஆனால் நிதானம் போதாது என்பது அவர் அபிப்பிராயம். காப்பித் தம்ளரை நீட்டினால், அவர் கையை நீட்டி அது அசையாமல் நின்ற பிறகுதான் தருவாள். அவசரப்பட்டு வாங்கினால் பாதி தரையில். ரோட்டைக் கடக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு அவர் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். சித்திரைத் திருவிழாவுக்கு உலகமே மதுரைக்கு வரும், மதுரையிலேயே இருக்கும் வடிவு மட்டும் தேர் பார்க்க வரமாட்டாள். “எனக்குக் கூட்டம் ஆகாதுங்க” என்று சொல்லிவிடுவாள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு அவள்மேல் பெருமை உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கண்ணயரும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பாதித் தூக்கத்தில் இரண்டு மூன்று முறை கவனித்திருக்கிறார். இந்தக் காலத்தில் எவள் பார்ப்பாள் இப்படி என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் படுப்பார்.

அவர்களுக்கு ஒரே மகள், நித்திலா. சென்னையில் ஏதோ பாலம் கட்டும் அலுவலகத்தில் வேலை. அந்தச் சனிக்கிழமை ஊருக்கு வந்தவள், சாயங்காலம் அப்பா பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விஷயத்தைச் சொன்னாள். பையன் பேர் மகிழன். கூட வேலை பார்க்கிறான். அப்பா அம்மா தேனியில் பள்ளிக்கூட வாத்தியார்கள். இதுவரை ஞானசிகாமணி பஜ்ஜியை நிறுத்தவில்லை.

“அட்டை?” என்று கேட்டார்.

“மருதம்.”

பஜ்ஜி தட்டுக்குத் திரும்பியது.

“நீ வச்சிரா முத்திரை போட்ட திரைம்மா. பெறந்ததுல இருந்து உனக்கு வேற எதுவும் போட்டதில்ல. மருத அட்டையில ஓட்டுனா கண்ணு என்னத்துக்கு ஆகும்? விளாச்சேரியில ஒரு பிள்ள, இப்பிடித்தான் ஆசப்பட்டுச்சு. கிழிசலாப் பாத்துப் பாத்து இன்னைக்கு எந்நேரமும் தலைவலி, வாந்தி. அடுப்புல கைய வச்சுருச்சு.”

இதில் அவர் நடிக்கவில்லை. மகளின் கண் கெட்டுப்போய்விடும் என்று மனசார நம்பினார். தன் மகளே மருதத்துக்குப் போனால் நாளைக்கு எவன் தன் மாடிப்படி ஏறுவான் என்ற கவலையும் கூடவே இருந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று அவரும் பார்க்கவில்லை.

“முத்திரைங்கிறது ஒரு ஸ்டிக்கர்ப்பா,” என்றாள் நித்திலா. “திரைக்குள்ள எல்லாம் ஒண்ணுதான். அமைப்புக்குள்ள போயி ஒரு சுவிட்சப் போட்டா வச்சிரா திரை மருதத்துல ஓடும். கம்பெனி அத உள்ளுக்குள்ள தள்ளி ஒளிச்சு வச்சுருக்கான், அம்புட்டுதான்.”

“எனக்கே பாடம் எடுக்குறியா?”

“வேணாம். உங்க நாற்காலியிலயே உக்காருறேன். உங்க தேரையே ஓட்டுங்க. கிழிஞ்சுச்சுன்னா இந்தப் பேச்ச விட்டுர்றேன். கிழியலன்னா நீங்களே கையெழுத்துப் போட்டுச் சான்று தரணும்.”

ஞானசிகாமணிக்கு உள்ளுக்குள் பால் வார்த்த மாதிரி இருந்தது. சண்டை போட்டு, ஓடிப்போய், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல், தேரிடமே போகிறாள். மருதத்தில் வச்சிரா திரை கிழியாமல் ஓடுவதாவது. இந்த நாற்காலியில் அப்படி ஒரு ஜோடியை அவர் உட்கார வைத்ததே இல்லை. முத்திரை பொருந்தாதவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். உட்கார வைக்காததால் கிழியாதது தெரியாது என்ற யோசனை அவருக்கு வரவில்லை.

“சரி, நாளைக்கு வரச் சொல்லு,” என்றார். வடிவு தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மகிழன் வந்தான். ஒல்லியாக, பயந்து, ஒரு கிலோ ஆரஞ்சோடு. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசி வரை கையிலேயே வைத்திருந்தான். ஞானசிகாமணி அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காதுக்குப் பின்னால்தான் பார்த்தார்.

“இதுவா?” என்றார், மூக்கைச் சுளித்து.

“ஆமா சார்.”

நித்திலா நாற்காலியில் உட்கார்ந்தாள். மிசின் இணைப்புக் கொடுக்கப் போய், கொடுக்காமல் நின்றது. ‘இணைப்பு ஏற்கெனவே உள்ளது’ என்று காட்டியது. அது கல்யாணம் ஆனவர்களுக்கு மட்டும் வருகிற வாசகம். ஞானசிகாமணிக்கு முகம் வெளுத்தது.

“என்ன இது?”

“நாங்களே இணைச்சுக்கிட்டோம்ப்பா. தீபாவளியில இருந்து.” நித்திலா தரையைப் பார்த்தாள். “என் அட்டையக் கழத்தல. அவரு திரையும் என் அட்டையில ஓடும், என் திரையும் அவரு அட்டையில ஓடும். வேணுங்கிறப்ப மாத்திக்குவோம்.”

இதைக் கேட்பதற்கு அவள் ஓடிப்போயிருந்தாலே மேல் என்று அவருக்குத் தோன்றியது. ஆம்பிளையின் திரை பெண்ணின் அட்டையில் ஓடுவதை அவர் கேள்விப்பட்டதே இல்லை. மகிழனைப் பார்த்தார். அவன் ஆரஞ்சைப் பார்த்தான்.

“ஓட்டுங்கப்பா,” என்றாள் நித்திலா.

தேர் கிளம்பியது. மேல மாசி வீதி முனையில் திரும்பி, அசைந்து, ஆடி, கூட்டத்துக்கு நடுவே கண்ணாடிப் பலகையில் வந்தது. கலசம், திரைச்சீலை, குதிரை, சக்கரம் எல்லாம் சேர்ந்தே வந்தன. எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தன. ஞானசிகாமணி வேகத்தைக் கூட்டி இன்னொரு முறை ஓட்டினார். தேரின் வடத்தில் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. சொல்லப்போனால், இத்தனை காலத்தில் அவர் பார்த்த தேர்களிலேயே அதுதான் அழகாக ஓடிய தேர். அதனால்தான் அவருக்கு அவ்வளவு எரிச்சல்.

“மிசின்ல கோளாறு,” என்றார்.

“அப்பா.”

“கோளாறு இருக்கான்னு பாக்கணுமில்ல? தராசு சரியா இருக்கான்னு தெரியணும்னா தெரிஞ்ச கல்லு ஒண்ண வச்சுப் பாக்கணும்.” சுற்றிலும் பார்த்தார். சுவரில் படம் இருந்தது. வாசலில், சாப்பாட்டுக் கூடையோடு படியேறி வந்த வடிவு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். “இந்தா, கல்லே வந்துருச்சு. வடிவு, இங்கிட்டு வா. உக்காரு.”

“நானா?” என்றாள் வடிவு. “எனக்கு எதுக்குங்க? வேணாம்.”

“உக்காருன்னா உக்காரு. நம்ம தேரு முழுசா வந்துச்சுன்னா மிசின் நல்ல மிசின். அப்ப நான் வாய மூடிக்கிறேன்.”

வடிவு மகளைப் பார்த்தாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ‘இணைப்பு ஏற்கெனவே உள்ளது’ என்றது மிசின். தேர் கிளம்பியது.

கிளம்பிய இடத்திலேயே கிழிந்தது. கலசம் வீதியின் பாதியில் இருக்கும்போது சக்கரம் முனையிலேயே நின்றது. நடுவில் தேரின் வயிறு கோடு கோடாக அறுந்து, குதிரைகளின் தலை ஒரு பக்கமும் கால்கள் ஒரு பக்கமுமாக ஓடின. கூட்டத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கழுத்து இல்லை. பார்த்துக்கொண்டிருந்த மகிழனுக்கே லேசாகக் குமட்டியது. வடிவு கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் சொல்லல?” ஞானசிகாமணிக்கு உயிர் திரும்பி வந்தது. “மிசின் கெட்டுப்போச்சு. பாரு, எங்களுக்கே கிழிக்குது.”

“மிசின் நல்லாத்தாங்க இருக்கு,” என்றாள் வடிவு.

“என்னடி தெரியும் உனக்கு?”

“எனக்கு எப்பவும் இப்பிடித்தான் தெரியும்.”

சொன்ன குரலில் கோபமும் இல்லை, குறையும் இல்லை. சட்னியில் உப்பு போதவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள். பலகையில் அறுந்த தேர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“எப்பவும்னா?”

“கல்யாணம் ஆகி என் அட்டையக் கழத்துன அன்னைல இருந்து. மறுவீடு போயிட்டு வந்து உங்ககிட்டச் சொன்னேன். எல்லாம் கிழியுற மாதிரி இருக்குங்கன்னு. ‘புதுசுல அப்பிடித்தான் இருக்கும், அனுசரிச்சுக்க’ன்னீக. அனுசரிச்சுக்கிட்டேன்.”

“தம்ளரு…” என்று ஆரம்பித்து நிறுத்தினார் ஞானசிகாமணி.

“உங்க கை ரெண்டா வரும். எது கையின்னு பாத்துத்தான் குடுக்கணும். வண்டி வர்ற ரோட்டுல கண்ணத் தொறந்தா தல சுத்தும். தேரு பாக்க நான் ஏன் வரலன்னு நெனச்சீக? சின்னப் பிள்ளைல எங்கய்யா தோள்ல உக்காந்து பாத்த தேரு. அத இப்பிடிப் பாக்க மனசில்ல.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். “அசையாத சாமானு கிழியாது. நீங்க மத்தியானம் தூங்கையிலதான் உங்கள முழுசாப் பாப்பேன்.”

நித்திலா பக்கத்தில் வந்து அம்மாவின் தோளில் கை வைத்தாள். “ஏம்மா எங்கிட்டச் சொல்லல?”

“நீதான் ஓடிக்கிட்டே இருப்பியே. உன்னையும் நான் முழுசாப் பாத்தது நீ தூங்கும்போதுதான்.”

ஞானசிகாமணிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சுவர்ப் படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். “முத்திரைக்கு முத்திரை பாத்துத்தானே…” என்றார், யாரிடமோ.

“அப்பா, உங்க அட்டை அமைப்பக் கொஞ்சம் தெறங்க,” என்றாள் நித்திலா. “கூட்டுத்திரைன்னு இருக்கும். அதுக்குள்ள.”

அவர் அங்கே போனதே இல்லை. அவர் சொந்தத் திரைக்கு அட்டை முதல் மரியாதை கொடுத்துவிடும், அதனால் அவர் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. போய்ப் பார்த்தார். ‘அனுசரிப்பு: அணைக்கப்பட்டுள்ளது’ என்று இருந்தது. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தது, யாரும் தொடவில்லை.

“கையேட்டுல அந்த வரிய ஊருக்கெல்லாம் சொல்றீங்களே. ‘திரை அட்டைக்கு அனுசரித்துப் போக வேண்டும்.’ அதுக்கு அடுத்த வரி என்ன?”

ஞானசிகாமணிக்குத் தெரியாது. அந்த ஒரு வரி தித்திப்பாக இருந்ததால் அத்தோடு மூடிவிட்டார். அவர் மட்டுமல்ல, ஊரே அத்தோடுதான் மூடியது.

“‘அதற்கு அட்டையிலும் அனுசரிப்பு இயங்க வேண்டும்’னு இருக்கு. ரெண்டு பக்கமும் போடணும்ப்பா. ஒரு பக்கம் மட்டும் போட்டா அது போடாததுக்குச் சமம். அம்மா திரை இத்தன வருசமா ஒத்துப்போகத் தயாராத்தான் இருந்துச்சு. உங்க அட்டை அதுகிட்டப் பேசவே இல்ல.”

“அப்ப இங்க வர்ற ஜோடிங்களுக்கு மட்டும் எப்பிடி ஓடுது?” இதைக் கேட்டது மகிழன். கேட்டதும் கேட்டிருக்க வேண்டாமோ என்று ஆரஞ்சை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

“கல்யாணம் ஆகாதவங்களுக்கு மிசினே இணைப்புக் குடுக்குது. குடுக்கும்போது ரெண்டு பக்கமும் சுவிட்சப் போட்டுக்குது,” என்றாள் நித்திலா. “இந்த நாற்காலிய விட்டு எந்திரிச்சதும் அணஞ்சுரும். கல்யாணத்துக்கு அப்புறம் ஆம்பளைங்கதான் போட்டுக்கணும்.”

மேலூர்ப் பெண் படியிறங்கிப் போனது ஞானசிகாமணிக்கு ஞாபகம் வந்தது. அவளுக்கு முன்னால் இறங்கிப் போனவர்களும் வரிசையாக வந்தார்கள். எத்தனை வீட்டில் எத்தனை பேர் தலையும் உடம்பும் தனித்தனியாக இருக்கும் கணவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறார்களோ. ஒரு கணம் அவருக்கு நிஜமாகவே நெஞ்சு அடைத்தது. அடுத்த கணம், இது வெளியே தெரிந்தால் கடை என்ன ஆகும் என்ற நினைப்பு வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

சுவிட்சுக்குக் கீழே ஓர் எச்சரிக்கை இருந்தது. ‘இதை இயக்கினால் அட்டையின் உச்ச வேகம் சற்றுக் குறையலாம்.’ ஞானசிகாமணி அதை இரண்டு முறை படித்தார். மனைவி, மகள், வரப்போகிற மருமகன் என்று மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இல்லாவிட்டால் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருப்பார். வேறு வழியில்லாமல் போட்டார்.

பலகையில் தேர் ஒட்டிக்கொண்டது. கலசம் இறங்கி வந்து தேரில் அமர்ந்தது, குதிரைகளுக்குக் கால் வந்து சேர்ந்தது. கூட்டத்துக்குக் கழுத்து முளைத்தது. வடிவு நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். தேர் வீதியைக் கடந்து மறையும்வரை பார்த்தாள். கண்ணிலிருந்து வழிந்ததை அவள் துடைக்கவில்லை.

“இப்ப என்ன சொல்றீங்கப்பா?” என்றாள் நித்திலா.

மிசினும் சரி, தராசுக் கல்லும் சரி. ஞானசிகாமணி மேசைக்குப் போனார். சான்றுத் தாளை எடுத்தார். வாழ்நாளில் முதல்முறையாக மணமகன் அட்டை என்ற இடத்தில் மருதம் என்று எழுதினார். அந்த வார்த்தையை எழுதும்போது பேனா இரண்டு தடவை மக்கர் செய்தது. கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

தோற்றவருக்குக் கோபம் போவதற்கு ஓர் இடம் வேண்டும். மகளிடம் போக முடியாது. மனைவியிடம் போகிற மாதிரி இன்று இல்லை. மிச்சம் இருந்தது ஆரஞ்சு வைத்திருந்தவன்.

“இந்தாய்யா,” என்று தாளை அவன்மேல் விட்டெறியாத குறையாக நீட்டினார். உதடு ஒரு பக்கமாக வளைந்து, மூக்கு சுருங்கி, ஒரு புருவம் ஏறி, மீன் முள்ளைக் கடித்தவர் மாதிரி முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. “கெட்டிக்காரன்தான். அட்டை வாங்க வக்கில்லாம மருதத்த மாட்டிக்கிட்டு, பொம்பளப் பிள்ள அட்டையில ஒண்டிக்கிட்டு, வந்துட்டான் பொண்ணு கேக்க.”

மகிழன் தலையைக் குனிந்தான். நித்திலா வாயைத் திறந்தாள். ஆனால் முதலில் பேசியது வடிவு.

“என்னங்க, இன்னொருக்கா அங்கிட்டிருந்து இங்கிட்டுத் திரும்புங்க,” என்றாள்.

கோபத்திலும் அவர் திரும்பினார். முகம் இன்னும் அப்படியே இருந்தது.

வடிவு நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து, தேரைப் பார்த்த அதே கவனத்தோடு அவரைப் பார்த்தாள். உதட்டைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள், ஏறிய புருவத்தைப் பார்த்தாள். எதுவும் பிசகவில்லை. எல்லாம் அதனதன் இடத்தில் பொருந்தியிருந்தன.

“அப்ப அது கிழிசல் இல்ல,” என்றாள் மெதுவாக.

“எது?”

“ஏசும்போதெல்லாம் உங்க மூஞ்சி ஒரு பக்கமாக் கோணும். இத்தன வருசமா, பாவம் அவரு மூஞ்சி நல்லாத்தான் இருக்கும், என் கண்ணுக்குத்தான் கிழிஞ்சு அப்பிடித் தெரியுதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

ஞானசிகாமணி கையை எடுத்து முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

வடிவு எழுந்தாள். சாப்பாட்டுக் கூடையைத் திறந்து, மேசையில் இலையை விரித்து, எதுவும் சிந்தாமல் சாதத்தைப் பரிமாறினாள். சாம்பார்க் கரண்டி அவள் கையில் நேராகப் போய் நேராக வந்தது. நாலைந்து முறை சும்மாவே கரண்டியை ஆட்டிப் பார்த்தாள். பிறகு மகிழனின் கையிலிருந்த ஆரஞ்சுப் பையை வாங்கிக்கொண்டு, அவன் பக்கத்தில் வந்து நின்று, காதுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

“ஏந்தம்பி,” என்று கேட்டாள், “இந்த மருதத்துல அட்டை மட்டும் தனியாக் குடுப்பாகளா?”